தாவரத்தின் பெயரில் ஒரு ஹார்மோன்

நமக்கு நன்கு அறிமுகமான அம்மையார் ஒருவர் மார்பகப் புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஏழாண்டுகள் ஆகின்றன. அந்த ஏழாண்டுகளிலும் அவர் எள்ளுருண்டையைத் தொட்டதில்லை. புரட்டாசிச் சனிக்கிழமையில் எள்ளுச் சாதம் செய்து பிறர்க்குப் பரிமாறுவார், தாம் உண்ணார். நல்லெண்ணெய் அவரது அடுக்களையை விட்டே வெளியேறிவிட்டது. மீல்மேக்கர் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பார். காரணம் வினவியபோது, "அதிலெல்லாம் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதாமே, எனக்கு ஆகாதே" என்றார். இதைச் சொன்னவர் சிகிச்சையளித்த மருத்துவர் அல்லர். ஒரு வார இதழின் நலவாழ்வுப் பக்கம்.

அண்மையில் வேறோர் இதழில் இதற்கு நேர்மாறான கட்டுரை ஒன்றைக் கண்டோம். பூப்பெய்திய பெண்ணுக்கு நம் முன்னோர் உளுந்தங்களி கொடுத்ததன் இரகசியம் அதில் நிறைந்திருக்கும் ஈஸ்ட்ரோஜனே என்றும், மேனாட்டார் இன்று கண்டறிந்ததை நம் பாட்டிமார் என்றோ அறிந்திருந்தனர் என்றும் அது பெருமிதத்துடன் முழங்கியது. ஒரே சரக்கு ஒருத்திக்கு நஞ்சு, இன்னொருத்திக்கு அமுதம். இரண்டு கூற்றுகளுக்கும் அடித்தளமாக இருப்பது ஒரே பிழைதான்: தாவரத்தில் ஹார்மோன் இருக்கிறது, அதை உண்டால் அது அப்படியே நம் உடலில் ஹார்மோனாக வேலை செய்யும் என்ற எண்ணம். அந்த எண்ணத்திற்கு வித்திட்டது ஒரு பெயர். இலக்கியம் பேசும் இந்த இடத்தில் உடலியல் பேச நாம் துணிவதற்கும் அதுவே காரணம். சொற்கள் செய்யும் கேட்டைச் சுட்டிக்காட்டுவது நம் எல்லைக்குள் அடங்கும் என்று கருதுகிறோம்.

'தாவர ஈஸ்ட்ரோஜன்' என்ற தொடரைப் பாருங்கள். தாவர எண்ணெய் என்றால் தாவரத்திலிருந்து கிடைக்கும் எண்ணெய். அது உண்மையிலேயே எண்ணெய்தான். தாவர ஈஸ்ட்ரோஜன் அப்படியன்று. சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் ஆகியவற்றை வேதியியலார் ஐசோஃப்ளேவோன் என்ற குடும்பத்தில் சேர்க்கின்றனர். பெண்ணுடலில் சுரக்கும் ஈஸ்ட்ரடயால் கொலஸ்டிராலிலிருந்து பிறக்கும் ஸ்டீராய்டு. இரண்டுக்கும் குலத்தொடர்பு இல்லை. ஜெனிஸ்டீன் மூலக்கூற்றின் இரு முனைகளிலும் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளுக்கு இடையேயான தூரம், ஈஸ்ட்ரடயாலில் உள்ள தூரத்திற்கு ஏறத்தாழச் சமமாக அமைந்துவிட்டது. அதனால் அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் பொருந்திக்கொள்கிறது. வேறொரு வீட்டுச் சாவி தற்செயலாக நம் பூட்டிலும் நுழைவது போன்றது இது. முழுச்சுற்றுச் சுற்றுமா என்பது வேறு கேள்வி.

சோயாச் செடி இவற்றை நமக்காகவோ நம் பெண்டிருக்காகவோ ஆக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் வேர் இவற்றை மண்ணில் கசியவிடுகிறது. அந்தச் சமிக்ஞையை உணர்ந்தே பிரேடிரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் வேரை நாடி வந்து முடிச்சுகளில் குடியேறி, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகின்றன. செடிக்கும் நுண்ணுயிருக்கும் இடையே எழுதப்பட்ட மடலை நடுவழியில் பிரித்துப் படித்துவிட்டு, 'இது எனக்கு எழுதியது' என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த மடல் விலங்குகளின் உடலில் என்ன செய்யக்கூடும் என்பது முதலில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆட்டுப் பண்ணைகளில்தான் தெளிவாகத் தெரிந்தது. 1940களில் அங்கே குளோவர் என்னும் தீவனச் செடியை மேய்ந்த ஆடுகள் குட்டி ஈனுவது வெகுவாகக் குறைந்தது. பென்னட்ஸ், அண்டர்வுட், ஷையர் ஆகிய மூவரும் 1946இல் இதைப் பதிவுசெய்து, தீவனத்தில் ஈஸ்ட்ரோஜன் போலச் செயற்படும் பொருள் இருக்கிறது என்றனர். பிற்பாடு ஆராய்ந்தபோது வெளிப்பட்டதுதான் சுவையான செய்தி. குளோவரில் மிகுந்திருக்கும் ஃபார்மோனோநெட்டின் என்ற பொருள் தன்னளவில் மிகமிக வலுக்குன்றியது. ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே அதை டெய்ட்ஸீனாகவும், பின்னர் ஈக்வால் என்னும் வலிய பொருளாகவும் மாற்றியிருந்தன. தீங்கு செடியிலும் இல்லை, ஆட்டிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருந்த மூன்றாம் தரப்பில் உருவாயிற்று.

ஈக்வால் அப்போது புதிய பொருளும் அன்று. 1932இல் கருவுற்ற குதிரையின் சிறுநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்திருந்தார்கள்; குதிரையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதன் பெயரில் ஒட்டிக்கொண்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1980களின் தொடக்கத்தில், கென்னத் செட்செல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதே பொருளை மனிதரின் சிறுநீரில் கண்டனர். சோயா உண்டவர்களிடம் அது மிகுதியாக இருந்தது. உண்டவர் எல்லாரிடமும் இல்லை. இந்த 'எல்லாரிடமும் இல்லை' என்பதே நம் கட்டுரையின் மையம்.

இனி உணவுக் கவளத்தின் பின்னால் சற்றுத் தூரம் நடந்து செல்வோம்.

சோயா விதையில் ஐசோஃப்ளேவோன்கள் தனித்து இருப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு சர்க்கரை மூலக்கூற்றைச் சுமந்துகொண்டிருக்கும். சர்க்கரையுடன் சேர்ந்த அந்த வடிவம் நீரில் கரையும். ஆனால் குடற்சுவரைக் கடக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆதலால் முதற்பணி, சர்க்கரையை வெட்டிக் கழிப்பது. அதைச் செய்யும் நொதிகளில் ஒன்று நமக்குப் பழக்கமானது: பாலிலுள்ள சர்க்கரையைப் பிளக்கும் லாக்டேஸ் நொதியே சிறுகுடலின் சுவரில் நின்று இந்த வெட்டையும் நிகழ்த்துகிறது. அதனிடம் தப்பியவற்றைக் குடல் நுண்ணுயிர்களின் நொதிகள் பார்த்துக்கொள்கின்றன. ஜாவாவின் டெம்பே, ஜப்பானின் மிசோ, நட்டோ போன்ற புளிக்கவைத்த உணவுகளில் இவ்வேலையின் ஒரு பகுதி உண்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பூஞ்சையோ நுண்ணுயிரோ சர்க்கரையைத் தின்றுவிட்டு மீதியை நமக்குத் தருகின்றன. அவ்வாறு வந்தவை விரைந்து உறிஞ்சப்படுகின்றன என்று சில ஆய்வுகள் சொல்கின்றன; மொத்தத்தில் பெரிய வேறுபாடில்லை என்று வேறு சில சொல்கின்றன.

சர்க்கரையை இழந்த மூலக்கூறு குடற்சுவருக்குள் நுழைந்த மறுகணமே உடல் அதை அயலானாக அடையாளங்கண்டு விலங்கு பூட்டுகிறது. குடற்சுவரிலும் கல்லீரலிலும் குளுக்குரோனிக் அமிலமோ சல்ஃபேட்டோ அதனுடன் பிணைக்கப்படுகிறது. பிணைக்கப்பட்ட மூலக்கூறு ஏற்பியுடன் சேரும் திறனைப் பெரிதும் இழந்து, சிறுநீர் வழியே வெளியேறத் தகுதி பெறுகிறது. இரத்தத்தில் சுற்றும் ஐசோஃப்ளேவோன்களில் விலங்கின்றி உலவுபவை நூற்றுக்குச் சில பங்கே. ஒரு பகுதி பித்தநீருடன் மீண்டும் குடலுக்கு வந்து, அங்கே நுண்ணுயிர்களால் விலங்கு கழற்றப்பட்டு, மறுபடியும் உறிஞ்சப்படுகிறது. உண்ட நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அளவு உச்சத்தைத் தொடும். ஓரிரு நாட்களில் பெரும்பகுதி வெளியேறிவிடும். உடலில் தங்கிக் குவியும் நஞ்சு என்று அஞ்சுவோர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

இந்த விலங்கு பூட்டும் கலை எல்லா உயிர்க்கும் வாய்த்ததன்று. பூனைக் குடும்பத்திற்குக் குளுக்குரோனிக் அமிலத்தைப் பிணைக்கும் திறன் மிகக் குறைவு. வட அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலைகளில் சோயா கலந்த உணவு தரப்பட்ட சிறுத்தைகளின் மலட்டுத்தன்மைக்கும் ஈரல் நோய்க்கும் அதுவே காரணமாகலாம் என்று செட்செல் குழுவினர் 1987இல் எழுதினர். சிறுத்தைக்கும் ஆட்டுக்கும் நேர்ந்ததை எடுத்துக்காட்டி மனிதரை அச்சுறுத்தும் கட்டுரைகள் இந்த ஒரு வாக்கியத்தை வசதியாக விட்டுவிடுகின்றன.

பெருங்குடலுக்குச் சென்று சேரும் டெய்ட்ஸீனின் கதை இன்னும் விந்தையானது. அங்கே தக்க நுண்ணுயிர்கள் இருந்தால் அது ஈக்வாலாகிறது. இல்லையெனில் வேறு திசையில் சிதைந்து வலுவிழக்கிறது. சீனா, ஜப்பான், கொரியா நாட்டவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஈக்வால் ஆக்கும் குடலுடையவர்கள்; மேலை நாட்டவரில் அது நூற்றுக்கு 25 முதல் 30 பேர்தான். மரக்கறி உண்போரிடையே விகிதம் சற்றுக் கூடுதல் என்றும் கண்டிருக்கிறார்கள். ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே உணவை உண்ணும் இரு சகோதரிகளில் ஒருத்தியின் இரத்தத்தில் ஈக்வால் இருக்கும், மற்றவளின் இரத்தத்தில் துளியும் இராது. இவ்வுணவு நன்று, அவ்வுணவு தீது என்று பட்டியல் இடுவோர் இந்தச் சகோதரிகளை என்ன செய்வர்?

எள்ளும் ஆளிவிதையும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றிலுள்ளவை லிக்னான்கள். ஆளிவிதையின் 100 கிராமில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் லிக்னான் உண்டு; உணவுப் பொருள்களில் அதற்கு நிகர் இல்லை. எள்ளில் அதைவிடப் பன்மடங்கு குறைவாகப் பைனோரெசினால் முதலியவையும், எள்ளுக்கே உரிய செசமினும் இருக்கின்றன. செசமின் எண்ணெயில் கரைவது. ஆகவே நல்லெண்ணெயிலும் வந்துவிடுகிறது. சோயாவின் ஐசோஃப்ளேவோன் எண்ணெயில் கரையாததால் சோயா எண்ணெயில் அது இல்லையென்றே சொல்லலாம். எண்ணெய் நீக்கிய சோயா மாவில் செய்யும் மீல்மேக்கரில் அது இருக்கும். எரிசாராயத்தால் கழுவிப் பிரித்த சோயாப் புரதத்தில் பெரும்பகுதி கழுவுநீரோடு போய்விடும். 'சோயா' என்று ஒரே சொல்லால் இவையனைத்தையும் குறிப்பது எத்தனை பொறுப்பற்றது என்று பாருங்கள்.

லிக்னான்களும் உண்டவுடன் பயன் தருவனவல்ல. பெருங்குடல் நுண்ணுயிர்கள் அவற்றை என்டரோடையால், என்டரோலாக்டோன் என்ற பொருள்களாக மாற்றினால்தான் உடல் அவற்றை ஈஸ்ட்ரோஜன் போல உணரும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து உட்கொண்டவர்களின் இரத்தத்தில் என்டரோலாக்டோன் குறைந்திருப்பதை ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2002இல் காட்டினர். முழு ஆளிவிதையை விழுங்கினால் பெரும்பாலும் முழுதாகவே வெளியேறுகிறது. இடித்தோ அரைத்தோ உண்டால்தான் நுண்ணுயிருக்கு எட்டுகிறது. இந்த இடத்தில் எள்ளை வறுத்து இடித்து வெல்லத்துடன் உருட்டிய நம் பாட்டியை நினைவுகூர ஆசை எழத்தான் செய்கிறது. ஆனால் அவள் அதைச் செய்தது சுவைக்காக. அவளுக்கு அறிவியல் பட்டம் சூட்ட வேண்டிய தேவை நமக்கில்லை.

உளுந்தங்களிக்கும் அதே நீதிதான். சோயாவை ஒப்பிட, உளுந்து முதலான நம் பயறுகளில் ஐசோஃப்ளேவோன் மிகச் சொற்பம். உளுந்தும் வெல்லமும் நல்லெண்ணெயும் வளரும் பெண்ணுக்குப் புரதத்தையும் ஆற்றலையும் தருகின்றன, அது போதாதா? ஒரு வழக்கத்தைப் போற்ற அதற்குள் ஹார்மோனைத் திணித்தாக வேண்டுமா? வெந்தயம் பற்றிய கூற்றும் இத்தகையதே. அதிலுள்ள டயாஸ்ஜெனினிலிருந்து ஹார்மோன் செய்ய முடியும் என்பது மெய். அவ்வகைப் பொருளை மெக்சிக்கோவின் காட்டுக் கிழங்கிலிருந்து எடுத்து, 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் புரோஜெஸ்டிரோன் ஆக்கினார். ஆனால் அது சோதனைச்சாலையின் குடுவையில் நடந்தது. மனித உடலில் அம்மாற்றத்தை நிகழ்த்தும் நொதி கிடையாது.

சரி, இவ்வளவு தடைகளையும் கடந்து ஏற்பியை அடையும் சிறு பங்கு என்ன செய்கிறது? ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஒன்றே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1996இல் சுவீடனில் குஸ்டாஃப்சன் ஆய்வகத்தினர் இரண்டாவது ஒன்றைக் கண்டறிந்து, முன்னதை ஆல்ஃபா என்றும் புதியதைப் பீட்டா என்றும் வகைப்படுத்தினர். மார்பகத்திலும் கருப்பையிலும் உயிரணுப் பெருக்கத்தைத் தூண்டுவதில் ஆல்ஃபாவுக்கே முதன்மைப் பங்கு. பீட்டா பல இடங்களில் அதை மட்டுப்படுத்துகிறது. ஈஸ்ட்ரடயால் இரண்டையும் ஏறத்தாழ ஒருபோல் பற்றும். ஜெனிஸ்டீனும் ஈக்வாலும் பீட்டாவையே பெரிதும் நாடும். எனவே ஈஸ்ட்ரோஜன் செய்வதையெல்லாம் இவை வலுக்குறைவாகச் செய்யும் என்று கொள்வதும் தவறு. சில திசுக்களில் அதுபோல் செய்யும், சிலவற்றில் தடுக்கும், சிலவற்றில் வாளாவிருக்கும்.

பயன்களைப் பற்றி இனி அளந்து பேசுவோம். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உடலெங்கும் திடீரென அனல் பரவி வியர்க்கும் தொல்லைக்கு இவை உதவுமா என்பதே அதிகம் ஆராயப்பட்ட கேள்வி. 2002இல் அமெரிக்காவில் ஹார்மோன் சிகிச்சை பற்றிய பெரும் ஆய்வின் ஒரு பிரிவு, தீங்குகள் தென்பட்டதால் இடையில் நிறுத்தப்பட்டபின் பெண்கள் பலர் இதன்பால் திரும்பினர். 2012இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வொன்று, வெற்று மாத்திரையைக் காட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அனல் வரவு குறைவதாகச் சொன்னது. 2013இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு உறுதியான சான்று இல்லை என்றது. 2023இல் வட அமெரிக்க மாதவிடாய் நிறைவுச் சங்கம் ஹார்மோன் அல்லாத சிகிச்சைகளை ஆராய்ந்து, சோயாவையும் ஈக்வாலையும் பரிந்துரைக்கவியலாது என்று அறிவித்தது. எலும்புத் தேய்வுக்கோ இன்னும் ஏமாற்றம். மியாமியில் 248 பெண்களுக்கு நாள்தோறும் 200 மில்லிகிராம் ஐசோஃப்ளேவோன் மாத்திரையை அல்லது வெற்று மாத்திரையை ஈராண்டுகள் கொடுத்துப் பார்த்து, 2011இல் முடிவை வெளியிட்டனர்: எலும்பு இழப்பு தடைபடவில்லை. இதயத்திற்கு நன்று என்ற கூற்றை 1999இல் அனுமதித்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அதைத் திரும்பப் பெற 2017இல் முன்மொழிந்தது.

இவற்றைப் படித்துவிட்டு எல்லாம் வெறும் வணிகம் என்று கையுதறவும் நமக்கு மனமில்லை. ஈக்வால் ஆக்குவோரையும் ஆக்காதோரையும் ஒரே குழுவில் கலந்து சராசரி எடுத்தால், சிலர்க்குக் கிடைத்த பயன் பலர்க்குக் கிடைக்காததில் கரைந்துபோகும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக அதைப் பயன் நிறுவப்பட்டதாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. மாத்திரை விற்போர் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

மாத்திரையும் உணவும் ஒன்றல்ல என்பதில் நாம் சற்று உறுதியாகவே இருக்கிறோம். ஜப்பானியர் அன்றாட உணவில் பெறுவது 25 முதல் 50 மில்லிகிராம். இத்தாலியில் 150 மில்லிகிராம் மாத்திரையை ஐந்தாண்டுகள் உண்ட பெண்களுள் சிலரிடம் கருப்பையின் உட்சுவர் மிகையாகத் தடித்ததை 2004இல் கண்டனர். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் மறுபரிசீலனை செய்து, அதனினும் குறுகிய கால அளவில் மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகத்திற்கோ கருப்பைக்கோ தீங்கு தென்படவில்லை என்றது. ஆக, கிண்ணத்தில் உண்பதற்கும் புட்டியிலிருந்து விழுங்குவதற்கும் இடையே கோடு கிழிப்பது மிகையாகாது.

நம் அம்மையாரின் அச்சத்திற்கு வருவோம். ஷாங்காய் நகரில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், சோயா உணவு அதிகம் உண்டவர்களிடையே இறப்பும் நோய் மீள்வதும் குறைவாகவே இருந்தன. டமாக்சிஃபென் உட்கொண்டவர்களிலும் அது மாறவில்லை. இது கவனித்தறிந்த ஆய்வே அன்றிச் சோதனை அன்று. சோயா உண்டோர் வேறு வகைகளிலும் நலம் பேணியிருக்கலாம். நோய்க்கு மருந்து சோயா என்று இதிலிருந்து கூற முடியாது. உணவாக உண்பதை நஞ்சென ஒதுக்க ஆதாரமில்லை என்று மட்டும் கூறலாம். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் உணவளவில் அஞ்ச வேண்டியதில்லை, மாத்திரைகளில் எச்சரிக்கை வேண்டும் என்றே சொல்லிவருகிறது. ஆண்கள் கொள்ளும் அச்சமும் இத்தகையதே. 2010இலும் 2021இலும் வெளிவந்த தொகுப்பாய்வுகள் சோயாவால் டெஸ்டோஸ்டிரோன் குறைவதாகக் காணவில்லை.

இந்தச் செய்திகளை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்து, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கேட்டுவரும்படி சொன்னோம். கேட்டுவந்தார். எள்ளுக்கோ நல்லெண்ணெய்க்கோ தாம் எந்நாளும் தடை விதித்ததில்லையே என்று மருத்துவர் வியந்தாராம். சோயா பற்றிக் கேட்டதற்கு அவர் சொன்ன ஒரே நிபந்தனை வேறொன்று. அம்மையார் காலையில் தைராய்டு மாத்திரை உண்பவர். சோயா அம்மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடும் என்பதால் இரண்டையும் ஒருசேர உண்ணாமல் சில மணி நேரம் இடைவெளி விடச் சொல்லியிருக்கிறார். ஏழாண்டுகளாக எந்த நலவாழ்வுப் பக்கமும் அவருக்குச் சொல்லாத ஒன்று அது.